முதுகு காட்டி அமர்ந்திருக்கும் பெண்: ஒரு படத்தை நகலெடுத்து ஆயில் பெயிண்டிங் பழகுவது

மங்கிய அறை, அதில் ஓர் உருவம். அதைச் சுற்றிக் காற்றும் அமைதியும் இருப்பதாகப் பார்ப்பவருக்குத் தோன்றுகிறது. ஆனால் கேன்வாஸில் இருப்பது பெயிண்ட் மட்டும்தான். அப்படியானால் அந்தக் காற்று எங்கிருந்து வருகிறது? புதிதாகத் தொடங்குகிறவர்கள் நிறம்தான் காரணம் என்று எண்ணிப் பன்னிரண்டு, பதினெட்டு டியூப் வாங்கிவிடுகிறார்கள். உண்மையில் வேலை செய்பவை இரண்டே விஷயங்கள். ஒன்று, அக்கம்பக்கத்து டோன்களுக்கு இடையே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்பது. மற்றொன்று, ஒரு வடிவத்தின் விளிம்பு அடுத்த வடிவத்தை எப்படித் தொடுகிறது என்பது. டோன் என்றால், நிறத்தை மறந்துவிட்டுப் பார்க்கும்போது மிஞ்சும் வெளிச்ச அளவு. கறுப்பு வெள்ளைப் போட்டோவில் நாம் பார்ப்பது அதைத்தான்.

இந்த இரண்டையும் பழக, நல்ல படம் ஒன்றை நகலெடுப்பதைவிடச் சிறந்த பயிற்சி இல்லை. என்ன வரைவது, எப்படி அமைப்பது என்ற கவலையெல்லாம் மூல ஓவியரோடு முடிந்துவிடும். பெயிண்டைக் கையாள்வது மட்டுமே நம் வேலை. பாரிஸின் லூவர் அருங்காட்சியகம் 1793இல் திறக்கப்பட்ட காலம் தொட்டு ஓவியர்கள் அங்கே அமர்ந்து நகலெடுத்து வருகிறார்கள். நகல், மூலப் படத்தின் அளவில் இருக்கக் கூடாது என்று அங்கே விதி இருக்கிறது. வீட்டில் பழகும்போதும் அதைப் பின்பற்றுங்கள்.

எந்தப் படம்?

டென்மார்க் ஓவியர் வில்ஹெல்ம் ஹாமர்ஷோய் (1864–1916) 1905இல் வரைந்த 'ஓய்வு' என்ற படத்தை இங்கே எடுத்துக்கொள்வோம். இப்போது அது பாரிஸின் ஒர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உயரம் 49.5 செ.மீ., அகலம் 46.5 செ.மீ. நாற்காலியில் ஒரு பெண் நமக்கு முதுகு காட்டி அமர்ந்திருக்கிறாள். தூக்கிக் கட்டிய கூந்தலுக்குக் கீழே பின்கழுத்து தெரிகிறது. அருகே, விரிந்த பூவைப் போன்ற வெள்ளைக் கிண்ணம். பின்னால் வெறும் சுவர். அவ்வளவுதான் படம்.

தொடக்கநிலையில் இருப்பவருக்கு இது பொருந்தக் காரணங்கள் உண்டு. முகம் தெரியாததால் சாயல் வரவில்லையே என்ற பதற்றம் இல்லை. வடிவங்கள் பெரியவை, எண்ணிக்கையில் குறைவு. நிறங்கள் ஏறக்குறைய எல்லாமே சாம்பல், பழுப்பு. ஆனால் விளிம்புகளில் எல்லா வகையும் இருக்கின்றன: கூர்மையானது, மென்மையானது, அடையாளமே தெரியாமல் கரைந்துபோனது. வேறு படம் எடுப்பதாக இருந்தாலும் இதே அளவுகோல்களை வைத்துத் தேர்ந்தெடுங்கள். ஏழெட்டு உருவங்கள் நெருக்கியடிக்கும் படம் முதல் நகலுக்கு வேண்டாம்.

அருங்காட்சியகத்தின் தளத்திலிருந்து பெரிய கோப்பாகப் படத்தை எடுத்து, பளபளப்பில்லாத தாளில் இரண்டு பிரிண்ட் போடுங்கள்: ஒன்று கலர், ஒன்று கறுப்பு வெள்ளை. திரையைப் பார்த்தே வரைந்தால் டோன் தவறும். திரை தானே ஒளிர்கிறது. பெயிண்டோ தன் மேல் விழும் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. இணையத்தில் ஒரே படம் ஐந்து விதமான நிறங்களில் கிடைக்கும். ஒன்றைத் தேர்ந்துகொண்டு கடைசிவரை அதையே பாருங்கள்.

தேவையான பொருள்கள்

ஆறு டியூப் போதும்: டைட்டானியம் வொயிட், ஐவரி பிளாக், ரா அம்பர் (பழுப்பு), பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), யெல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்), அல்ட்ராமரைன் ப்ளூ. வெள்ளை வாங்கும்போது டியூபின் பின்புறம் உள்ள நிறமிக் குறியீட்டைப் பாருங்கள். 'பிடபிள்யூ 6' (PW6) என்பது டைட்டானியம். 'பிடபிள்யூ 4' என்றும் இருந்தால் துத்தநாக வெள்ளை கலந்திருக்கிறது. அது காய்ந்தபின் நொறுங்கும் தன்மை உடையது, அடிப்பூச்சுக்கு ஏற்றதல்ல.

பன்றிமயிர்த் தூரிகைகளில் நுனி வளைந்த ஃபில்பெர்ட் வகையில் 8, 4 எண்கள். மென்மையான சிந்தெடிக் ரவுண்ட் பிரஷ் 2ஆம் எண்ணில் ஒன்று. விளிம்புகளைத் தடவ, காய்ந்த நிலையிலேயே வைத்துக்கொள்ளும் அகலமான மென்மயிர்த் தூரிகை ஒன்று. பெயிண்ட் கலக்கும் தட்டான பேலட், அதில் கலக்கப் பேலட் நைஃப், பருத்தித் துணி, பெயிண்டைக் கரைக்க வாசனை நீக்கிய மினரல் ஸ்பிரிட், லின்சீட் ஆயில் எனப்படும் ஆளிவிதை எண்ணெய். வாசனை இல்லை என்பதால் ஆவி இல்லை என்று ஆகிவிடாது. ஜன்னலைத் திறந்து வையுங்கள், ஸ்பிரிட் பாத்திரத்தை மூடியே வையுங்கள்.

கேன்வாஸ் 30 × 40 செ.மீ. அதை நெட்டாக நிறுத்தி, மேலே 30 செ.மீ. அகலமும் 32 செ.மீ. உயரமும் விட்டு டேப் ஒட்டினால் மூலப் படத்தின் விகிதம் கிடைத்துவிடும். கீழே மிஞ்சும் 8 செ.மீ. பட்டையை வெட்டி எறிய வேண்டாம். கலவைகளைப் படத்தில் வைக்கும் முன் சோதித்துப் பார்க்க அதைவிட நல்ல இடம் கிடைக்காது.

அடித்தளம்

வெள்ளைக் கேன்வாஸ் கண்ணை ஏமாற்றும். அதன்மேல் எந்தச் சாம்பல் நிறத்தை வைத்தாலும் இருட்டாகத் தெரியும், பயந்து எல்லாவற்றையும் வெளிறிய டோனில் போட்டுவிடுவோம். அதனால் ரா அம்பரை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணியால் கேன்வாஸ் முழுக்கத் தேய்த்து, நடுத்தரப் பழுப்பாக வரும்வரை துடைத்து எடுங்கள். காய ஓரிரண்டு நாள் ஆகும். அவசரமானால் அக்ரிலிக் அம்பரை நீரில் கரைத்துப் பூசலாம், சிறிது நேரத்தில் காய்ந்துவிடும். அக்ரிலிக்கின் மேல் ஆயில் போடலாம். ஆயிலின் மேல் அக்ரிலிக் ஒருபோதும் கூடாது, உரிந்து வந்துவிடும்.

பிறகு பிரிண்டிலும் கேன்வாஸிலும் நான்குக்கு நான்காகக் கட்டம் போட்டுக் கோட்டுருவை மாற்றுங்கள். பெண்ணை வரைய முயலாதீர்கள். அவளுக்கும் படத்தின் ஓரத்துக்கும் இடையே உள்ள சுவரின் வடிவத்தை வரையுங்கள், நாற்காலிக் கட்டைகளுக்கு இடையே தெரியும் துண்டுகளை வரையுங்கள். உருவம் தானே வந்து நிற்கும். தோள் என்று நினைத்து வரைந்தால் கை நமக்குத் தெரிந்த தோளை வரையும். வெற்றிடத்துக்கு அப்படி மனப்பாடமான வடிவம் கிடையாது. தோள்களின் சரிவை மட்டும் இருமுறை அளந்து பாருங்கள். அங்கே சில மில்லிமீட்டர் தவறினாலும் தளர்ந்து அமர்ந்தவள் விறைப்பாக அமர்ந்தவளாகிவிடுவாள்.

சாம்பலில் முழுப் படம்

முதல் பூச்சை நிறமில்லாமல், சாம்பல் டோன்களில் மட்டும் முடிப்பதற்குக் கிரிசாய் என்று பெயர். டோன், நிறம் என்ற இரண்டு சிக்கல்களையும் பிரித்து ஒவ்வொன்றாகத் தீர்க்கும் வழி இது. இதற்கு ரா அம்பரோடு சிறிது அல்ட்ராமரைன் சேர்த்து இருட்டை உண்டாக்குங்கள். ஐவரி பிளாக்கை இங்கே தவிர்ப்பதற்குக் காரணம் இருக்கிறது: அது மெதுவாகக் காயும். அம்பரில் இயற்கையாகவே மாங்கனீஸ் இருப்பதால் சீக்கிரம் காயும், அடிப்பூச்சுக்கு நமக்கு வேண்டியது அதுதான்.

வெள்ளையில் ஐந்து செ.மீ. நீளம் பிதுக்குங்கள், அம்பரில் இரண்டு செ.மீ., நீலத்தில் அரை செ.மீ. அவற்றிலிருந்து ஐந்து குவியல் தயார் செய்யுங்கள். முதலில் 1 (மிக இருள்), 5 (மிக வெளிச்சம்) இரண்டையும் கலந்து, நடுவில் 3ஐக் கண்ணால் பார்த்து அமைத்து, பிறகு 2, 4. இருளையும் வெளிச்சத்தையும் சம அளவு கலந்தால் நடு டோன் வந்துவிடும் என்று நம்ப வேண்டாம். ஒவ்வொரு நிறமிக்கும் வெவ்வேறு வீரியம். நைஃப் நுனியில் கலவையை எடுத்து, பிளாஸ்டிக் தாள் போர்த்திய கறுப்பு வெள்ளைப் பிரிண்டின் மேல் பிடித்து, கண்ணை இடுக்கிப் பாருங்கள். நைஃப் நுனி எங்கே முடிகிறது, படம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் போனால் டோன் பொருந்திவிட்டது.

இப்படிப் பார்க்கத் தொடங்கியதும் வியப்பான ஒன்று புலப்படும். படத்தின் பெரும்பகுதி 2, 3, 4 குவியல்களுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. கிண்ணத்தின் விளிம்பும் பின்கழுத்தும் மட்டுமே அதிலிருந்து மேலே எழுகின்றன. அறையின் அமைதி இந்தச் சிக்கனத்திலிருந்துதான் வருகிறது. கழுத்து வெள்ளையாக இருப்பதால் ஒளிர்வதில்லை. சுற்றியுள்ளவை எல்லாம் அடங்கி இருப்பதால் ஒளிர்கிறது.

பெயிண்டில் எண்ணெய் சேர்க்காமல், ஸ்பிரிட்டைத் தூரிகை நுனியில் மட்டும் தொட்டு, சுவர், கூந்தல், உடை, நாற்காலி என்று பெரிய திட்டுகளாக நிரப்புங்கள். உருவத்தை முடித்துவிட்டுப் பின்னணிக்கு வருவது பெரிய தவறு. இரண்டும் சேர்ந்தே வளர வேண்டும். இரண்டு மணி நேரத்தில் கேன்வாஸில் வெற்றிடம் இல்லாமல் மூடியிருந்தால் நல்ல வேகம். பிறகு ஒரு வாரம் அப்படியே விடுங்கள். ஆயில் பெயிண்ட் தண்ணீர் போல ஆவியாகிக் காய்வதில்லை. எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு இறுகுகிறது. மின்விசிறி ஸ்பிரிட்டை விரட்டும், எண்ணெயை அந்த அளவுக்கு விரைவுபடுத்தாது.

ஒவ்வொரு மேல் பூச்சிலும் கீழுள்ளதைவிட எண்ணெய் சற்றுக் கூடுதலாக இருக்க வேண்டும் என்ற விதியும் இதனால்தான் வந்தது. கீழே எண்ணெய் மிகுந்து மேலே குறைந்தால், மேல் பூச்சு முதலில் இறுகிவிடும். அடியில் உள்ளது இன்னும் அசைந்துகொண்டே இருக்க, மேல் தோல் வெடிக்கும். இரண்டாம் பூச்சுக்கு இரண்டு டீஸ்பூன் ஸ்பிரிட், ஒரு டீஸ்பூன் எண்ணெய். மூன்றாம் பூச்சுக்குச் சரிபாதி. அதற்கு மேல் எண்ணெய் ஊற்றினால் பரப்பு சுருங்கும், நாளடைவில் மஞ்சளிக்கும்.

சுவர் ஏன் உயிரோடு இருக்கிறது

இரண்டாம் பூச்சில் நிறம் வருகிறது. சுவரிலிருந்து தொடங்குங்கள். ஒரே சாம்பலைக் கலந்து சுவர் முழுக்க அடித்தால் அது சுண்ணாம்பு அடித்த அட்டையாகத்தான் நிற்கும். இதற்கு மூன்று சாம்பல் வேண்டும். வெள்ளையும் ஐவரி பிளாக்கும் கலந்தால் நீலச்சாயல் உள்ள குளிர்ச்சியான சாம்பல். வெள்ளையும் ரா அம்பரும் கலந்தால் வெதுவெதுப்பானது. வெள்ளை, பிளாக்கோடு யெல்லோ ஓக்கர் சேர்த்தால் பச்சை கலந்தது. மூன்றையும் ஒரே டோனுக்குக் கொண்டுவந்து, குறுகிய தூரிகைத் தடங்களாக, திசை மாற்றி மாற்றி, பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். எட்டி நின்று பார்த்தால் ஒரே சுவர். கிட்டே போனால் லேசாக அதிர்கிறது. போட்டோ எடுத்துக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். தடங்கள் மறைந்து ஒரே சாம்பலாகத் தெரிந்தால் சரி. புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் டோன் பொருந்தவில்லை என்று பொருள்.

இதைவிட நுட்பமானது ஸ்கம்ப்ளிங். காய்ந்த இருண்ட பூச்சின் மேல், எண்ணெய் குறைந்த வெளிறிய பெயிண்டை மிகச் சிறிதளவு தூரிகையில் எடுத்து, துணியில் பாதியைத் துடைத்துவிட்டு, தேய்ப்பது போல மேலாகப் பரப்புவது. கீழுள்ள இருள் அதனூடே மங்கலாகத் தெரியும். இப்படிப் பூசிய இடம் கலந்து வைத்த நிறத்தைவிடக் குளிர்ச்சியாக, பால் படிந்தது போலத் தெரியும். கரும்பின்னணியின் முன் எழும் மெல்லிய புகை நீலமாகத் தெரிவதும் இதே காரணத்தால்தான். நுண்ணிய துகள்கள் நீல ஒளியை அதிகம் சிதறடிக்கின்றன, பின்னால் இருள் இருப்பதால் அந்தச் சிதறல் கண்ணுக்கு எட்டுகிறது. உருவத்துக்கும் சுவருக்கும் இடையே காற்று இருப்பதாகக் காட்ட இதைவிட நேரடியான வழி கிடையாது.

கிளேசிங் இதற்கு நேர் எதிர்: காய்ந்த வெளிச்சப் பகுதியின் மேல் ஒளி ஊடுருவும் இருண்ட நிறத்தை எண்ணெயில் நீர்த்து மெல்லிய படலமாகப் பூசுவது. அது வெதுவெதுப்பையும் ஆழத்தையும் தரும். நாற்காலியின் மரத்துக்குப் பர்ன்ட் சியன்னா கிளேஸ் ஒன்று போதும். சுவரின் மேல் கிளேஸ் போட்டுச் சூழலைக் கொண்டுவர முயல்கிறவர்கள் பலர். கிடைப்பது பழைய வார்னிஷ் போன்ற பழுப்புதான். காற்று வேண்டிய இடத்தில் ஸ்கம்பிள், கனம் வேண்டிய இடத்தில் கிளேஸ்.

விளிம்புகள்

இந்தப் படம் கற்றுத்தரும் பாடத்தில் பாதி இங்கே இருக்கிறது. தூரிகையை எடுக்கும் முன் பிரிண்டின் மேல் பென்சிலால் எண் போடுங்கள்: கூர்மையான விளிம்புக்கு 1, சற்று மென்மையானதற்கு 2, நன்கு மென்மையானதற்கு 3, தொலைந்துபோனதற்கு 4. கண்ணை இடுக்கும்போது கடைசியாக மறைவது 1, முதலில் மறைவது 4. படம் முழுக்க எண் போட்ட பின் எண்ணிப் பார்த்தால் 1 எவ்வளவு அரிது என்று புரியும்.

மென்மையான விளிம்பு என்றால் தேய்த்து மழுக்குவது என்று நினைக்கிறார்கள். தேய்த்தால் இரண்டு நிறமும் கலந்து அழுக்குப் பட்டையாகிவிடும். செய்ய வேண்டியது வேறு. கூந்தலின் டோன் 1, சுவரின் டோன் 3 என்றால், இரண்டுக்கும் நடுவே 2ஆம் டோனில் சில மில்லிமீட்டர் அகலத்துக்கு மெல்லிய பட்டை வையுங்கள். மூன்றும் ஈரமாக இருக்கும்போது காய்ந்த மென்மயிர்த் தூரிகையால், பூ விழுவது போன்ற அழுத்தத்தில், விளிம்புக்குக் குறுக்கே சிறு வளைவுகளாக இழுங்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் துணியில் துடையுங்கள். கடைசியாக விளிம்பின் நெடுக்காக ஒரே ஒரு முறை. விளிம்பருகே பெயிண்ட் மெல்லியதாக இருக்க வேண்டும். கனத்து மேடு கட்டியிருந்தால் எந்தத் தூரிகையாலும் மென்மையாக்க முடியாது, நைஃபால் சுரண்டி எடுத்துவிட்டு மீண்டும் வையுங்கள்.

காய்ந்த பின் கூர்மையாக நிற்கும் விளிம்பைத் திருத்த ஸ்கம்ப்ளிங்தான் கைகொடுக்கும்: சுவர் நிறத்தைக் கூந்தலின் ஓரத்தில் ஏறும்படி லேசாகத் தேயுங்கள். பிரிந்து நிற்கும் முடியிழைகளை எல்லாவற்றுக்கும் கடைசியில், 2ஆம் எண் தூரிகையால் இரண்டோ மூன்றோ போதும் என்று நிறுத்திக்கொள்ளுங்கள்.

தொலைந்த விளிம்புக்குத் தடவலே தேவையில்லை. நிழலில் இருக்கும் தோளும் அதற்குப் பின்னுள்ள இருளும் ஒரே டோனுக்கு வந்துவிட்டால், கோடு எவ்வளவு கூராக இருந்தாலும் கண் அதைப் பிடிக்காது. பார்ப்பவர் அந்த இடத்தைத் தாமே நிரப்பிக்கொள்வார். நாம் அறிந்த உடலை அங்கே முழுமையாக்கிக் காட்டாமல் விட்டுவிடுவதற்குத் துணிவு வேண்டும், அதைத்தான் பழக வேண்டும்.

எல்லா விளிம்பையும் ஒரே மாதிரி மென்மையாக்குவதும் அதே அளவு கெடுதல். பஞ்சடைத்தது போல், குவியம் தவறிய போட்டோ போல் ஆகிவிடும். ஒரு கூர்மையான விளிம்பு பக்கத்தில் இருந்தால்தான் மென்மை மென்மையாகத் தெரியும். இந்தப் படத்தில் கிண்ணம் அந்த வேலையைச் செய்கிறது.

கழுத்தும் கிண்ணமும்

தோல் என்றதும் ரோஜா நிறம் கலக்கக் கை போகும். மங்கிய அறையில் தோல் ஏறக்குறைய சாம்பல்தான். வெள்ளை நான்கு பங்கு, ஓக்கர் இரண்டு, பர்ன்ட் சியன்னா ஒன்று என்று கலந்து, சுவருக்கு வைத்திருக்கும் குளிர்ந்த சாம்பலைச் சிறிது சிறிதாகச் சேருங்கள். தனியே பேலட்டில் பார்த்தால் உயிரற்ற மண் நிறமாகத் தெரியும். கூந்தலுக்கும் உடைக்கும் நடுவே வைத்ததும் சதையாகிவிடும். கழுத்தை உருளையாக நினையுங்கள்: வெளிச்சம், இடைநிழல், நிழல் என்று மூன்று டோன். இடைநிழலில் சியன்னா சற்றுக் கூடலாம். தசைகளை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். உட்கார்ந்திருப்பவளின் எடை கழுத்திலிருந்து தோளுக்கு இறங்கும் வளைவில் இருக்கிறது.

கழுத்தில் வெள்ளையைத் தனியாக எங்கும் வைக்காதீர்கள். அதைக் கிண்ணத்துக்கு ஒதுக்கி வையுங்கள். கிண்ணத்தின் உடலும் வெள்ளையல்ல, 4ஆம் டோன் சாம்பல்தான். விளிம்பில் வெளிச்சம் படும் ஓரிரு இடங்களில் மட்டும் வெள்ளையில் ஊசிமுனை அளவு ஓக்கர் சேர்த்து, எண்ணெய் கலக்காமல், கனமாக ஒரே தொடுதலில் வையுங்கள். ஓக்கர் சேர்க்காத வெறும் வெள்ளை சாக்பீஸ் தூளைப் போல் வறண்டு தெரியும்.

எங்கே தவறுகிறது

உருவம் கத்தரித்து ஒட்டியது போல் நின்றால், சுற்றிலும் 1ஆம் எண் விளிம்பு போட்டிருக்கிறீர்கள் அல்லது சுவரைத் தனியாகக் கடைசியில் வரைந்திருக்கிறீர்கள். நிறம் சேறாகிவிட்டால் பெரும்பாலும் குற்றம் நிறத்தில் இல்லை, டோனில்: நிழலுக்குள் வெள்ளை புகுந்திருக்கும். வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் தனித்தனித் தூரிகை வைத்துக்கொண்டால் பாதித் தொல்லை போய்விடும்.

காய்ந்தபின் இருண்ட பகுதிகள் சில இடங்களில் பளபளப்பு இழந்து சாம்பல் பூத்தது போல் மங்கும். கீழ்ப்பூச்சு எண்ணெயை உறிஞ்சிவிட்டது என்பதே காரணம். அடுத்த பூச்சுக்கு முன் அந்த இடத்தில் மட்டும் ஒரு சொட்டு எண்ணெயையும் ஸ்பிரிட்டையும் துணியால் தடவி, உடனே முழுவதும் துடைத்து எடுங்கள். உண்மையான டோன் திரும்பி வரும். இதைச் செய்யாமல், மங்கிய இருளைப் பார்த்து டோனைத் திருத்தினால் படம் வார்னிஷுக்குப் பிறகு திட்டுத் திட்டாக இருண்டுவிடும்.

எண்ணெய் தோய்ந்த துணிகளைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் இறுகும்போது வெப்பம் வெளிவிடும். சுருட்டிய துணிக்குள் அந்த வெப்பம் சேர்ந்து தானே தீப்பிடிக்கும். விரித்துக் காயப் போடுங்கள் அல்லது தண்ணீரில் ஊறவைத்து மூடியுள்ள உலோக டப்பாவில் போடுங்கள்.

முடிந்த படத்தைத் தூசு படாமல், வெளிச்சம் உள்ள இடத்தில் வையுங்கள். இருட்டு அலமாரியில் அடைத்தால் எண்ணெய் மஞ்சளிக்கும். இறுதி வார்னிஷுக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை காத்திருக்க வேண்டும், கிண்ணத்தின் கனத்த வெள்ளை காய்வதற்காகவே அவ்வளவு நாள். கேன்வாஸின் பின்புறத்தில் "ஹாமர்ஷோய் 1905 படத்தின் நகல்" என்று எழுதி, உங்கள் பெயரையும் தேதியையும் போடுங்கள்.